வாடகைப் பணத்தில் வாங்கப் பார்க்கும் விசா!

"பாஸ்போர்ட்டை மட்டும் கொடுங்க பாய், மத்த பேப்பரெல்லாம் நாங்க ரெடி பண்ணிக்கிறோம்!"

ஜெகதாப்பட்டினம் கடைத்தெருவில் இந்த வாசகத்தைக் கேட்காதவர் உண்டா? கோட்டைப்பட்டினத்தில் உண்டா? மீமிசலில், அம்மாபட்டினத்தில் உண்டா? மகனைப் பார்க்க, மகளின் பேறுகாலத்துக்குத் துணையிருக்க, சரக்கு பார்த்து வர என்று விசிட் விசாவுக்கு அலையும் ஒவ்வொருவர் காதிலும் இது தேனாகப் பாய்கிறது. ஆனால் சகோதரர்களே, அந்த "மத்த பேப்பர்" என்னவென்று என்றைக்காவது கேட்டிருக்கிறீர்களா?

நாம் சொல்கிறோம், கேளுங்கள். உங்கள் வங்கிக் கணக்கில் பத்து நாளைக்கு யாரோ ஒருவருடைய ஐந்து லட்சம் வந்து உட்காரும். அதற்கு வாடகை உண்டு. ஸ்டேட்மெண்ட் எடுத்த மறுநாள் பணம் போய்விடும். நீங்கள் ஒருநாள்கூட வேலை பார்க்காத கம்பெனி, உங்களை மேனேஜர் என்று எழுதிக் கடிதம் கொடுக்கும். நீங்கள் கட்டாத வரிக்கு ரசீது வரும். எடுக்காத விமான டிக்கெட்டுக்கு நம்பர் வரும். எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டு, கடைசிப் பக்கத்தில் "மேற்கண்டவை யாவும் உண்மை" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போடுவது யார்? ஏஜெண்டா? இல்லை. நீங்கள்!

இருபது வருடமாக நேர்மையாகக் கடை நடத்துபவர், எடையில் ஒரு கிராம் குறைக்காதவர், ஒரு நாற்பது பக்கப் பைலில் மட்டும் தலை முதல் கால் வரை வேறு ஆளாக மாறிப் போகிறார். இதைவிடக் கொடுமை, இதற்கு அவசியமே இல்லை என்பதுதான். அவரிடம் உண்மையான கடை இருக்கிறது. உண்மையான வீடு இருக்கிறது. திரும்பி வருவதற்கு உண்மையான காரணம் இருக்கிறது. இல்லாதது ஒன்றே ஒன்று. அந்த உண்மைக்குக் காகிதம்!

எல்லா ஏஜெண்டும் இப்படி என்று நாம் சொல்லவில்லை. படிவத்தை ஒழுங்காக நிரப்பிக் கொடுத்து, உழைப்புக்குக் கூலி வாங்கும் நல்லவர்களும் இருக்கிறார்கள். அவர்களை இந்த வாசகம் சுடாது.

அந்த அதிகாரி என்ன தேடுகிறார்?

பாஸ்போர்ட் வேறு, விசா வேறு. இந்த வித்தியாசம் நம்மில் பலருக்குப் புரிவதில்லை. வெளிநாடு செல்வது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவு தரும் தனிமனித சுதந்திரத்தில் அடக்கம் என்று 1967-இல் சத்வந்த் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதையொட்டியே அதே வருடம் பாஸ்போர்ட் சட்டம் வந்தது. ஆகவே திருச்சி பாஸ்போர்ட் அலுவலகத்தில் நீங்கள் உரிமையோடு கேட்கலாம். விசா அப்படி அல்ல. அது அடுத்தவர் வீட்டு வாசல். உள்ளே விடுவதும் விடாததும் அவர் இஷ்டம்.

அமெரிக்காவின் குடியேற்றச் சட்டத்தில் 214(பி) என்று ஒரு பிரிவு இருக்கிறது. விசிட் விசா கேட்டு வருகிறவர் திரும்பிப் போகாமல் அங்கேயே தங்கிவிடப் போகிறவர் என்றுதான் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது வந்தவர் பொறுப்பு! குற்றவாளிக்குக்கூட நிரபராதி என்ற சலுகை உண்டு. விசா கேட்பவருக்கு இல்லை. கோபம் வருகிறதா? வரத்தான் வேண்டும். ஆனால் கோபத்தை வைத்துக்கொண்டு சென்னை தூதரக வாசலில் ஒன்றும் செய்ய முடியாது.

பிரான்ஸ், ஜெர்மனி உள்ளிட்ட ஷெங்கன் நாடுகளுக்கு 2009-இல் வகுத்த ஒரே விசா விதித்தொகுப்பு. அதன் 14-வது விதி கேட்பது நான்கே சங்கதி. எதற்கு வருகிறாய்? எங்கே தங்குவாய்? செலவுக்கு என்ன வழி? திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன ஆதாரம்? இதோடு 30 ஆயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு. உலகத்தில் எந்த நாட்டு விசா படிவத்தைப் புரட்டினாலும் அடிப்படை இந்த நான்குதான். நான்காவதில்தான் நம் ஆட்கள் விழுகிறார்கள். ஏனென்றால் நாம் மூன்றாவதையே பெரிதாக நினைத்து, பணத்தைக் காட்டினால் போதும் என்று கிளம்பிவிடுகிறோம்.

பேங்க் ஸ்டேட்மெண்டை அந்த அதிகாரி எப்படிப் படிக்கிறார் தெரியுமா? கடைசி வரியில் உள்ள இருப்பைப் பார்ப்பதோடு அவர் நிறுத்துவதில்லை. மூன்று மாதம், ஆறு மாதம் பணம் எப்படி வந்தது, எப்படிப் போனது என்று மேலிருந்து கீழே வருகிறார். மாதம் எட்டாயிரம், பத்தாயிரம் என்று அசைந்த கணக்கில் திடீரென்று ஒரே நாளில் ஐந்து லட்சம் விழுந்தால் அது செல்வமாகத் தெரியாது. வாடகைக்கு வந்த பணமாகத்தான் தெரியும். தினம் நூறு பைல் பார்ப்பவருக்கு இது கண்கட்டு வித்தையா? உங்களுடைய சொந்தப் பணம் இரண்டு லட்சம், கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது என்று காட்டினால் அதற்கு இருக்கும் மதிப்பு, எங்கிருந்தோ குதித்த பத்து லட்சத்துக்குக் கிடையாது.

மாட்டினால் என்ன ஆகும்? "ரிஜெக்ட் ஆகும், அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்பார் ஏஜெண்ட். அவருக்கென்ன! பிரிட்டன் விதிப்படி, பொய் ஆவணம் உங்களுக்கே தெரியாமல் பைலில் இருந்தாலும் விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம். தெரிந்தே ஏமாற்றினீர்கள் என்று முடிவாகிவிட்டால் 10 வருடம் கதவு மூடிக்கொள்ளும். அமெரிக்காவில் தெரிந்து சொன்ன பொய் வாழ்நாள் தடை வரைக்கும் இழுத்துச் செல்லும். இங்கே, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 336-வது பிரிவில் ஏமாற்றுவதற்காகப் போலி ஆவணம் செய்தால் 7 வருடம் வரை சிறை. போலி என்று தெரிந்தே அதைப் பயன்படுத்தியவருக்கும் 340-வது பிரிவில் அதே தண்டனைதான். பேரனைப் பார்க்கக் கிளம்பிய வாப்பாவுக்கு இது தேவையா?

கல்லாவில் இருக்கிறது, கணக்கில் இல்லை!

வியாபாரிகளே! இப்போது உங்களிடம்தான் பேச வேண்டும்.

அதிகாலை ஏலத்தில் இறாலும் நண்டும் கைமாறுகிறது. பணம் பெரும்பாலும் ரொக்கம். ஜவுளிக்கடை, மளிகைக்கடை, மரக்கடை எங்கும் இதே கதை. வருடம் முழுக்க லட்சக்கணக்கில் புரளும். ஆனால் வங்கிக் கணக்கைத் திறந்தால் கரண்ட் பில்லும் கேஸ் மானியமும்தான் இருக்கும். காரணம் கேட்டால் இரண்டு பதில் வரும்.

முதல் பதில், "வட்டி வேண்டாம்." நல்லது. உங்கள் பேணுதலை நாம் மதிக்கிறோம். ஆனால் வட்டியே இல்லாத நடப்புக் கணக்கு என்று ஒன்று எல்லா வங்கியிலும் இருக்கிறதே! வியாபாரிக்கென்றே உள்ள கணக்கு அதுதானே! கடையின் பெயரில் அதைத் திறந்து தினசரி விற்பனையைப் போட்டு எடுத்தால் வட்டியும் வராது. விசாவுக்குக் கேட்கும் ஸ்டேட்மெண்டும் தானாக வந்து நிற்கும். பேணுதலைச் சொல்லி வங்கிக்குப் போகாத அதே மனிதர், விசா என்றதும் அடுத்தவர் பணத்தை வாடகைக்கு வாங்கி ஸ்டேட்மெண்ட் காட்டுகிறார். இந்தப் பேணுதல் அப்போது எங்கே போனது?

இரண்டாவது பதில், "கணக்குக் காட்டினால் வரி போட்டுத் தீட்டிவிடுவான்." இது பழைய பயம். 2025 பட்ஜெட்டில், புதிய வரிமுறையில் வருடம் 12 லட்சம் ரூபாய் வரையான சாதாரண வருமானத்துக்கு வரி கட்ட வேண்டியதில்லை என்று ஆக்கப்பட்டது. வருட விற்றுவரவு 2 கோடிக்குள் இருக்கும் சிறு வியாபாரி பெரிய கணக்குப் புத்தகங்கள் எழுத வேண்டியதுமில்லை. விற்றுவரவில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்டி ரிட்டர்ன் போடலாம். வங்கி வழியாக வந்த தொகைக்கு 6 சதவீதம் போதும். 50 லட்சம் விற்றவருக்கு 8 சதவீதம் என்றால் 4 லட்சம். வரி எங்கே வந்தது? ஒரு ரூபாய் வரி கட்டாமல், மூன்று வருட ரிட்டர்னை மூன்று தாளாகக் கையில் வைத்திருக்கலாம். இதைச் செய்யாமல், கட்டாத வரிக்குப் போலி ரசீது வாங்க ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்கில் அழுகிறோம்!

விசைப்படகு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. உங்கள் கையில் இருக்கும் காகிதத்தின் அருமை உங்களுக்கே தெரியவில்லை. படகுப் பதிவுச் சான்றும் மீன்பிடி உரிமமும் என்ன சாதாரணமா? இத்தனை லட்சம் மதிப்புள்ள படகைக் கரையில் கட்டிப் போட்டுவிட்டு எவன் வெளிநாட்டில் ஒளிந்துகொள்வான்? அது மட்டுமா? கிழக்குக் கடற்கரையில் ஒவ்வொரு வருடமும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த நேரத்தில்தானே பிள்ளைகளைப் பார்க்கப் போகிறீர்கள்? விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் இதை எழுதுங்கள். "தடைக்காலத்தில் தொழில் இல்லாததால் இப்போது வருகிறேன், ஜூன் 15-இல் கடலுக்குப் படகு அனுப்ப வேண்டும், அதற்கு முன்பே திரும்புகிறேன்." அரசாங்க உத்தரவே உங்கள் ரிட்டர்ன் டிக்கெட்டுக்குச் சாட்சி சொல்கிறது. அந்த இரண்டு மாதம் வங்கிக் கணக்கில் வரவு இல்லாமல் இருப்பதற்கும் இதுவே பதில். நீங்கள் சொல்லாவிட்டால் அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு ஜெகதாப்பட்டினத்துக் கடலைப் பற்றி என்ன தெரியும்? இந்தக் கடிதத்தை எந்த ஏஜெண்டும் எழுத மாட்டார். அவரிடம் இருப்பது எல்லாருக்கும் ஒரே கடிதம். பேர் மட்டும் மாறும்.

ஒரு மனிதருக்கு நான்கு பெயர்!

வாக்காளர் அட்டையில் "மொஹமத்". ஆதாரில் "முஹம்மத்". பள்ளிச் சான்றிதழில் "மொஹமது". பத்திரத்தில் "எம்டி" என்று இரண்டே எழுத்து. ஆள் ஒருவர்தான்! நம் பெண்களின் நிலைமை இன்னும் மோசம். பாத்துமுத்து ஜொஹரா என்ற பெயர் ஓரிடத்தில் மூன்று சொல், ஓரிடத்தில் இரண்டு, இன்னோரிடத்தில் பின்னால் ஒரு "பீவி". ஊரில் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் கம்ப்யூட்டருக்கு இவர்கள் நான்கு பேர். மகனின் பாஸ்போர்ட்டில் தாயார் பெயர் ஒருவிதமாகவும் தாயாரின் பாஸ்போர்ட்டில் வேறுவிதமாகவும் இருந்தால், "இவர் உன் தாய்தான் என்பதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்பார்கள். கேட்கிறார்கள்!

போதாததற்கு நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் இனிஷியல் கூடாது, விரித்து எழுத வேண்டும் என்பது விதி. விரித்து எழுதாமல் ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் எடுத்தவர்கள் நம் கடற்கரை ஊர்களில் ஏராளம். 2022 நவம்பரில் என்ன நடந்தது, நினைவிருக்கிறதா? பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட் விசாவில் அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் முடிவெடுத்ததாக ஏர் இந்தியா அறிவித்தது. டிக்கெட்டும் விசாவும் கையில் இருந்தவர்கள் திகைத்து நின்றார்கள். பிறகு, பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தகப்பனார் பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் விடலாம் என்று கொஞ்சம் தளர்த்தினார்கள். அந்த அவதி தந்த பாடத்தை எத்தனை பேர் எடுத்துக்கொண்டோம்? இன்னமும் அதே ஒற்றைப் பெயரோடு பாஸ்போர்ட் பெட்டிக்குள் தூங்குகிறது! மறுவழங்கலுக்கு விண்ணப்பிக்கும்போது பெயரையும் குடும்பப் பெயரையும் பிரித்துப் போட்டுவிட்டால் தீர்ந்தது. பயணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது இதைச் செய்ய முடியாது. பயணமே இல்லாத வருடத்தில் செய்ய வேண்டிய வேலை இது.

நிகாஹ் தஃப்தரைப் பற்றியும் பேசியாக வேண்டும். ஜமாஅத் நிர்வாகிகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நம் பள்ளிவாசல்களில் இருக்கும் தஃப்தர் பாதுகாக்க வேண்டிய பொக்கிஷம். ஆனால் அதில் பெயரை எழுதும் அழகு என்ன? மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதுகிறோமா? வாயால் சொன்னதைக் காதால் கேட்டு எழுதுகிறோம். பத்து வருடம் கழித்து அவர் மனைவியை விசிட்டில் அழைக்கும்போது அந்த ஓர் எழுத்து வந்து குறுக்கே நிற்கிறது. தஃப்தரோடு நிற்கவும் கூடாது. 2006-இல் உச்சநீதிமன்றம் எல்லாத் திருமணங்களையும் பதிவுசெய்ய வேண்டும் என்றது. தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009-இல் வந்தது. 90 நாளுக்குள், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு அடுத்த 60 நாளுக்குள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். இந்தச் சட்டத்தின் மேல் நமக்கு விமர்சனம் இருக்கலாம். அதை வாதாடுவோம். அதுவரைக்கும் நம் பெண்கள் தூதரக வாசலில் கணவனின் மனைவி என்று நிரூபிக்க வழியில்லாமல் நிற்க வேண்டுமா?

"பேரைப் பார்த்தே தள்ளிட்டான்!"

நிராகரிப்பு வந்ததும் நம் வாயில் வரும் முதல் வார்த்தை இது. அதில் உண்மையே இல்லை என்று நாம் சொல்ல மாட்டோம். 2017 ஜனவரியில் அமெரிக்கா ஏழு முஸ்லிம் நாடுகளின் மக்களுக்குத் தடை போட்டதையும், மாற்றி எழுதப்பட்ட அந்தத் தடையை 2018-இல் அந்நாட்டு உச்சநீதிமன்றமே ஏற்றுக்கொண்டதையும் உலகம் பார்த்தது. விமான நிலையத்தில் நம் பிள்ளைகளை மட்டும் தனியே கூப்பிட்டு உட்கார வைப்பதும் நமக்குத் தெரியாததல்ல.

ஆனால் 2024-இல் இந்தியாவிலிருந்து ஷெங்கன் விசாவுக்குப் போன 11 லட்சத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களில் சுமார் 1 லட்சத்து 65 ஆயிரம் நிராகரிக்கப்பட்டன. அத்தனையும் முஸ்லிம் பெயர்களா? தலைக்கு 90 யூரோ கட்டணம்; திரும்பாது. ராமனுக்கும் ரஹீமுக்கும் சேர்த்துத்தான் போயிற்று! பெயரைக் காரணம் காட்டிவிட்டால் நம் பைலை நாம் புரட்டிப் பார்க்க வேண்டியதில்லை, ஏஜெண்டும் தப்பித்துக்கொள்கிறார். நம் பெயருக்காக ஒரு பங்கு சந்தேகம் கூடுதலாக இருக்கிறது என்றால், நம் காகிதம் ஒரு பங்கு கூடுதல் சுத்தமாக அல்லவா இருக்க வேண்டும்? போலியைக் கொடுத்து மாட்டும் ஒவ்வொருவரும் அடுத்து வரும் உண்மையான சகோதரரின் பைல் மேல் இன்னொரு சந்தேகத்தை ஏற்றி வைத்துவிட்டுப் போகிறார்.

அழைப்புக் கடிதம் யார் கொடுப்பது?

"அங்க மச்சான் இருக்காரு, ஸ்பான்சர் கொடுப்பாரு." எந்த மச்சான்? சிங்கப்பூருக்கு உறவினரைப் பார்க்கப் போவதென்றால் வி39ஏ என்ற அறிமுகக் கடிதம் வேண்டும். அதைக் கொடுப்பவர் சிங்கப்பூர்க் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ, 21 வயது நிரம்பியவராகவும் இருக்க வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருக்கும் மச்சான் எவ்வளவு பாசக்காரராக இருந்தாலும் அவர் கையெழுத்து செல்லாது. காரைக்கால் சொந்தங்கள் வழியாக பிரான்சுக்குக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், அழைப்பவர் தம் ஊர் நகரமன்றத்தில் கட்டணம் கட்டி வாங்கிய வரவேற்புச் சான்றின் அசலைக் கேட்டு வாங்குங்கள். போனில் எடுத்து அனுப்பிய படத்தை நம்பிப் போய் நிற்க வேண்டாம். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியருக்கு விசா வேண்டாம் என்று அறிவித்தபோது பலர் இனி காகிதமே வேண்டாம் என்று நினைத்தார்கள். கோலாலம்பூரில் இறங்கியதும் கவுண்டரில் அதே கேள்விகள்தான். எங்கே தங்குவாய், கையில் எவ்வளவு, திரும்பும் டிக்கெட் எங்கே? விசா இல்லையென்றால் கேள்வி இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

இளைஞர்களே!

இந்தப் பைல் வியாபாரத்தின் மிகக் கொடிய முகம் உங்களுக்காகக் காத்திருக்கிறது. "முதலில் விசிட்ல போ, அங்க போனதும் வேலை விசா மாத்திக்கலாம்." பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். சவூதி, அமீரகம், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு அவர் வேலைக்குப் போவதென்றால் அரசின் அனுமதி வேண்டும். கம்பெனி உண்மையா, சம்பளம் உண்மையா என்று பார்ப்பதற்காக 1983-ஆம் வருடக் குடியேற்றச் சட்டம் வைத்த வேலி அது. அந்த வேலியைத் தாண்டத்தான் உங்களை டூரிஸ்ட் ஆக்குகிறார்கள். கையில் ஹோட்டல் புக்கிங், பைலில் வாடகைப் பணம், மனதில் வேலைக் கனவு!

தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று சொல்லிக் கூட்டிப் போய், எல்லை கடத்தி மியான்மரின் மியாவாடியில் இணைய மோசடிக் கும்பலிடம் ஒப்படைக்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் மீட்கப்பட்டு சென்னை வந்து சேர்ந்தார்கள். மியான்மரில் இப்படி வலுக்கட்டாயமாக வேலை வாங்கப்படுவோர் 1 லட்சத்து 20 ஆயிரம் பேராவது இருக்கலாம் என்று 2023-இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கணக்கிட்டது. டூரிஸ்டாகப் போனவருக்கு அங்கே தொழிலாளி என்ற உரிமை இல்லை. சம்பளம் தராவிட்டால் வழக்குப் போட ஒப்பந்தம் இல்லை. நீங்களே கையெழுத்துப் போட்ட படிவம் சொல்கிறது, நீங்கள் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர் என்று!

ஜெகதாப்பட்டினம் வியாபாரிகளும் ஜமாஅத் பொறுப்பாளர்களும் ஒரு காரியம் செய்யலாம். படித்த பிள்ளைகள் நான்கு பேரை வாரம் ஒரு நாள், ஜும்ஆவுக்குப் பிறகு ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். பாஸ்போர்ட், ஆதார், பான், ரேஷன் கார்டு, தஃப்தர் நகல் ஐந்தையும் வரிசையாக வைத்து, பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லட்டும். செலவு ஒரு மேசை, இரண்டு பேனா.

ஏற்கனவே நிராகரிக்கப்பட்டவர்கள் அந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடாதீர்கள். ஷெங்கன் என்றால் எந்தக் காரணத்துக்கு டிக் அடித்திருக்கிறது என்று பாருங்கள்; மேல்முறையீட்டுக்கான வழியும் கெடுவும் அதிலேயே இருக்கும். பிரிட்டன் என்றால் காரணத்தை வரிவரியாக எழுதியிருப்பார்கள். விசிட் விசாவுக்கு மேல்முறையீடு இல்லை, குறையைச் சரிசெய்து புதிதாகத்தான் போட வேண்டும். புதிய படிவத்தில் "இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா?" என்ற கேள்வி வரும். "இல்லைன்னு போட்டுடலாம் பாய்" என்பார் ஏஜெண்ட். "ஆம்" என்று எழுதி, தேதியையும் காரணத்தையும் நீங்களே கீழே எழுதுங்கள்.